வைத்தியரிடம் போட்டுப்போன கல்யாணச் சேர்ட்

இந்த நோர்வேயில் வைத்தியரை மாற்றுவது பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது போல. எங்கள் பழைய ‘பாஸ்ட்லெகெ’, அதாவது ஒவ்வொருவருக்கும் என்று பதிந்திருக்கும் குடும்ப வைத்தியர், ஓய்வு பெற்றதும் மகள் யாழினி கைபேசியை எடுத்துத் தட்டினாள். “முடிஞ்சுது அப்பா. ட்வெய்ட்டாவிலை ஒரு ஆள் கிடைச்சிருக்கிறார்” என்றாள். எத்தனையோ வருடம் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட மனுசி, ஒரு தட்டில் மாறிப்போனார்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன். ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் குளித்து, தலை வாரி இழுத்து, இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுத்தான் போவோம். காய்ச்சலில் நடுங்கினாலும் அப்படித்தான். டொக்டருக்குக் கொடுக்கும் மரியாதை அது. அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. பழைய வைத்தியர் அதை எப்படியோ கண்டுபிடித்திருந்தார். என் சேர்ட் எவ்வளவு மடிப்புக் கலையாமல் இருக்கிறதோ, நோய் வருத்தம் அவ்வளவு கடுமை என்று அவருக்குத் தெரியும். கணினியில் என் பிரசர் எல்லாம் இருக்கும். இது இருக்குமா?

புதியவரிடம் போகவிருந்த கிழமை முழுக்க, துப்புரவு வேலைக்குத் தண்ணீர் வாளியோடு படியேறும்போது நெஞ்சுக்குள் யாரோ கயிறு முறுக்குவது போல இருந்தது. போகும் நாள் காலை புருசெத் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதும் இடையில் நின்று மூச்சு வாங்கினேன். யாழினி பார்த்துக்கொண்டே வந்தாள். புதியவர் முன்னால் முகம் சுளிக்கக் கூடாதென்று வீட்டிலேயே நோவு தெரியாமலிருக்கும் குளிசை போட்டிருந்தேன். உடம்பில், கல்யாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்.

வைத்தியர் தானே கதவைத் திறந்து வந்து கை கொடுத்தார். இளம் ஆள். வெள்ளைக் கோட்டும் இல்லை, கம்பளிச் சட்டைதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“ப்ரா, தக்” என்றேன். நல்ல சுகம், நன்றி.

திரையைப் பார்த்துப் பிரசர்க் குளிசையைப் புதுப்பித்தார். வேறு ஏதாவது? இல்லை என்றேன். அவர் சிரித்தபடி எழும்பிவிட்டார்.

“அப்பா, சொல்லுங்கோ.”

“சும்மா இரு பிள்ளை. முதல் நாளே வருத்தத்தைக் கொட்டுறதே? அடுத்தமுறை பாப்பம்.”

“அடுத்தமுறைக்கு நீங்கள் இருப்பியளோ?”

அவள் வைத்தியரிடம் திரும்பி நோர்வே மொழியில் படபடவென்று கொட்டினாள். படியைச் சொன்னாள், குளிசையைச் சொன்னாள், கல்யாணச் சேர்ட்டையும் சொன்னாள்.

“யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார் அவர்.

“ஒருத்தருக்கும் இல்லை. உங்களைப் பார்க்கத்தான் இப்படி வந்திருக்கிறார். வைத்தியரிடம் வர, கடும் வருத்தமென்றால் மட்டும்தான் இதைப் போடுவார்.”

அவர் என் கொலரைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்.

நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இதயத் துடிப்பு வரைந்த தாள் ஓடி வெளியே வர வர அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எழும்ப வேண்டாம் என்று என் தோளில் கையை வைத்துக்கொண்டே அம்புலன்சுக்கு டெலிபோன் அடித்தார். யாழினி என் சேர்ட்டைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

“மடிச்சு வை பிள்ளை, கசங்கப் போகுது.”

“கசங்கட்டும் அப்பா.”

அன்றே ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாயின் அடைப்பை எடுத்தார்கள். பிள்ளைகளே, அப்பா அம்மாவோடு வைத்தியரிடம் போனால் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நாங்கள் சுகம் என்றுதான் சொல்லுவோம். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.

போன கிழமை மறுபடி அவரிடம் போனேன். மனைவி அதே சேர்ட்டை அயன் பண்ணிக் கழுத்துவரை பொத்தான் பூட்டிவிட்டாள். வாசலில் யாழினி மேல் பொத்தானைக் கழற்றினாள். “நெஞ்சைத்தானே அப்பா பார்க்கப்போறார்.” ரயிலில் ட்வெய்ட்டா வரும்வரை என் விரல் அந்தப் பொத்தானிலேயே இருந்தது. பூட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.