மாப்பிள்ளைப் பட்டை

பட்டறையில் எல்லோரும் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுதுபோக்குப் பூங்காக்களில் சுற்றுகிற, ஆடுகிற, தலைகீழாகத் தொங்குகிற எல்லாவற்றுக்கும் ஆளை இருக்கையோடு கட்டிப்போடும் பட்டைகள் அங்கே தயாராயின. பட்டையின் நுனியை இரும்புக் கொக்கிக்குள் விட்டு மடித்து, மடித்த இடத்தில் ஒரு சதுரம் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி இழுக்க வேண்டும். அதுதான் பெட்டித் தையல். பதினான்கு வருடத்தில் அவள் தைத்த ஒரு பெட்டிகூடக் கோணலாகப் போனதில்லை.

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்ட நாலாம் நாள், அவள் வீட்டில் தேர்தல் நடந்தது. நகரத்தைத் தாண்டிய நெடுஞ்சாலையில் மலைப் பூங்கா, ஏரிப் பூங்கா என்று இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஜென்மப் பகை. "நாற்பத்தொரு சவாரிகள்" என்று ஏரிக்காரன் பலகை வைத்தால், எதிர்ப்புறத்திலேயே "எண்ணிக்கை எதற்கு? உயரத்தைப் பாருங்கள்" என்று மலைக்காரன் ஒன்று வைப்பான். இந்த வருடம் மலைப் பூங்காவில் புதிதாக ஒரு பெரிய ரயில் வந்திருந்தது. மேலே ஏறி, நின்று, அப்படியே குப்புற விழுகிற ரயில்.

"ஓட்டு எண்ணியாச்சு," என்றாள் மூத்த மகள். பதிமூன்று வயது, வாய் மட்டும் முப்பது. "மலைக்கு மூணு, ஏரிக்கு ஒண்ணு. அம்மாவுக்கு டெபாசிட் போச்சு."

"எனக்கு உயரத்துல தலை சுத்தும்டி."

"நீ ஏறாத. கீழ நின்னு எங்க செருப்பைப் பாத்துக்க," என்றாள் சின்னவள். அவளுக்கு எட்டு வயது.

பெட்டியக்காவின் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். விடுமுறையில் அவனுக்கும் விடுமுறை. மேசையில் கிடந்த நான்கு சீட்டுகளை எடுத்து விசிறிக்கொண்டான். பட்டறையின் பெரிய வாடிக்கையாளர் என்ற முறையில் மலைப் பூங்காக்காரர்களே தொழிலாளர்களுக்குக் கொடுத்த இலவசச் சீட்டுகள் அவை.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறாளே உங்கம்மா. இது சும்மா கெடைச்சது. அது காசு குடுத்து போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஏரிப் பூங்கான்னா போலாம். இல்லைன்னா யாரும் எங்கயும் போக வேணாம்."

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடுப்படிக்குள் போய், கழுவிய தட்டுகளை மறுபடி கழுவினாள்.

காரணம் இதுதான். பெட்டித் தையலை இரண்டு சுற்றுப் போட வேண்டும் என்பது விதி. ஒரே பெட்டி, அதன் மேலேயே இன்னொரு முறை. ஒரு சுற்றுப் போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரலால் தடவினால்தான் தெரியும்: இரண்டு சுற்று வரப்பு மாதிரி புடைத்து நிற்கும், ஒரு சுற்று படிந்து கிடக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு அறுபது பட்டை என்று இருந்தவரை எல்லோரும் இரண்டு சுற்றுத்தான் போட்டார்கள். பூங்காக்கள் ஒன்றை ஒன்று முந்த ஆரம்பித்ததும் மேஸ்திரி ஒரு காலையில் வந்து, "இனிமே தொண்ணூறு" என்றார். முடியாது என்று ஒருத்தி சொன்னாள். "முடியறவங்க வாசல்ல நிக்கறாங்க," என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். தன் வாழ்நாளில் ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாத மனிதர். ஊசிக்கு இத்தனை வேகம்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இருபத்தைந்து பட்டைகளை ஒரு கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். சோதனைக்காரர் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஏதாவது ஒன்றை உருவி, இழுவை எந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார். தாங்கினால் கட்டு முழுவதற்கும் சான்றிதழ். அவருக்கு முதுகு வலி. குனிந்து உருவ மாட்டார். எப்போதும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார். பட்டறையில் நாற்பது பேர் இருந்தும் இதைக் கவனித்தவள் பெட்டியக்கா ஒருத்திதான்.

"மேல இருக்கறதை மட்டும் ரெண்டு சுத்து போடுங்கடி. மத்ததெல்லாம் ஒண்ணு போதும்," என்று சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நாற்பது பேரும் அன்று அவளை மகராசி என்றார்கள். மேலே வைக்கும் அந்த ஒன்றுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். "என் மாப்பிள்ளை ரெடி, உன் மாப்பிள்ளை எங்கடி? அலங்காரம் முடியலையா?" என்று எந்திரங்களுக்கு நடுவில் கேலி பறக்கும். மாப்பிள்ளையைப் பார்த்துத்தானே சம்பந்தம் முடிப்பார்கள். பின்னால் வரும் இருபத்துநாலு சொந்தக்காரர்களை யார் பார்க்கிறார்கள்?

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மட்டும் ஒருமுறை, "எதாவது ஆயிட்டா அக்கா?" என்று கேட்டாள்.

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே. மேல ஒருத்தன் பாத்துக்குவான்."

மேலே ஒருத்தன் இருந்தாலும் அவனிடம் இழுவை எந்திரம் இல்லை. இது பெட்டியக்காவுக்கும் தெரியும். அதனால்தான் வீட்டில் தேர்தல் முடிவை அவள் ஏற்கவில்லை. மலைப் பூங்காவின் புது ரயிலுக்குப் பட்டை முழுவதும் அவர்கள் பட்டறையில் தைத்தது. ஏரிப் பூங்காவுக்கு வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்தோ வருவதால் அது நல்லது என்று நம்பினாள். நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் அவளிடம் இல்லை.

ஒருவழியாகக் கணவன் இறங்கி வந்தான். "சரி, ஏரிக்கே போவோம். இந்தச் சீட்டு ஞாயித்துக்கெழமையோட செல்லாது. வீணாப் போறதுக்கு, கீழ்வீட்டு நர்ஸம்மாவுக்குக் குடேன். அதுவும் புள்ளையும் எங்க போயிருக்காங்க பாவம்."

கீழ்வீட்டு நர்ஸ் தனியாக ஒரு பெண் குழந்தையை வளர்ப்பவள். சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் இறங்காதபோது, வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் படியேறி வந்து பார்த்தவள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். பெட்டியக்கா சீட்டுகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எனக்கா?" நர்ஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "நாலு இருக்கே அக்கா. எங்க அண்ணிக்கும் அவ பையனுக்கும் சொல்லட்டுமா?"

"சொல்லேன்." நகர்ந்தவள் நின்றாள். "அந்தப் பெரிய ரயில் மட்டும் வேணாம். கூட்டமா இருக்குமாம்."

"கூட்டத்துக்குப் பயந்தா வீட்லயே இருக்கலாமே. என் பொண்ணு அந்த ரயில் படத்தைத்தான் சுவத்துல ஒட்டி வச்சிருக்கா." நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவங்ககூட இப்படி நெனச்சுப் பாத்ததில்லை அக்கா."

கை சுட்டது மாதிரி இருந்தது. உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பூங்காவில் நல்ல வெயில். தண்ணீரில் வழுக்கினார்கள், பொம்மைக் கார்களை மோதவிட்டார்கள். மதியம் சின்னவள் பெரிய ஊஞ்சல் படகைக் காட்டினாள். முன்னும் பின்னும் ஆடி, உச்சியில் செங்குத்தாக நிற்கிற படகு. "நீயும் வாம்மா. இது ஏரிதானே, மலை இல்லையே," என்று இழுத்தாள். நான்கு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். இயக்குகிற இளைஞன் ஒவ்வொருவருக்கும் கொக்கியை மாட்டிக்கொண்டு போனான்.

பழக்க தோஷம். அவள் விரல் தானாகப் போய் சின்னவளின் மடியில் இருந்த பெட்டித் தையலைத் தடவியது.

படிந்து கிடந்தது.

தன்னுடையதைத் தடவினாள். மூத்தவளுடையதை, கணவனுடையதைத் தடவினாள். எங்கும் வரப்பு இல்லை. எங்கோ ஒரு பட்டறையில், முகம் தெரியாத இன்னொரு பெட்டியக்கா, இன்னொரு மேஸ்திரியின் தொண்ணூறுக்காக ஒரு சுற்றோடு எழுந்து போயிருக்கிறாள். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கும். அவள் அவர்களை இந்நேரம் மலைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

"எறங்குங்க," என்றாள். "எல்லாரும் எறங்குங்க."

"அம்மா, மானத்தை வாங்காத," என்று மூத்தவள் பல்லைக் கடித்தாள். பெட்டியக்கா கொக்கியை விடுவித்து, சின்னவளைத் தூக்காத குறையாக இறக்கினாள். இளைஞனிடம், "தம்பி, இதை ஓட்டாதீங்க. தையல் பத்தாது," என்றாள். அவன் கம்பத்தில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினான். "சர்ட்டிபிகேட் இருக்கு பாருங்கம்மா. பயமா இருந்தா ஓரமா நில்லுங்க." படகு ஆட ஆரம்பித்தது.

அப்போதுதான் அவள் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு பாட்டுக்கும் கூச்சலுக்கும் நடுவே நர்ஸின் குரல் கேட்டது.

"அக்கா, இப்பதான் எறங்கினோம். உயிரே தொண்டைக்கு வந்துடுச்சு. இவ மறுபடி ஏறணும்னு நிக்கறா, வரிசையில இருக்கோம்."

"ஏறாதீங்க."

"கூட்டம் அவ்வளவு இல்லைக்கா."

"கூட்டம் இல்லை. பட்டை சரியில்லை. ரெண்டு சுத்து தைக்கணும், ஒரு சுத்துதான் தைக்கறோம். நானும்தான். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தேன்."

கணவனும் மகள்களும் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சீட்டு குடுக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதனாலதான் நீங்க அங்க போனீங்களா?"

நர்ஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இருங்க, ரயில் ஓட்டறவர்கிட்ட குடுக்கறேன். என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

ஒரு ஆண் குரல் வந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அந்த ஆள் பட்டறையின் பெயரைக் கேட்டான், அதையும் சொன்னாள். போனுக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பது கேட்டது. "ரெண்டு மணி நேரமா நிக்கறோம், யாரோ போன்ல சொன்னாளாம்," என்று ஒருவன் சலித்துக்கொண்டான். இணைப்பு அறுந்தது.

பள்ளிக்கூட வேனிலேயே வீட்டுக்குத் திரும்பினார்கள். நகரத்துக்குள் நுழையும்போது மூத்தவள், "நம்ம நாலு பேர் தப்பிச்சா போதும்னு நெனச்சியாம்மா?" என்று கேட்டாள். பிறகு, "எங்களுக்கும் நீ சொல்லலையே," என்றாள்.

"சும்மா வாடி," என்றான் கணவன். அவன் பெட்டியக்காவைக் காப்பாற்றத்தான் அதட்டினான். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

சாயங்காலம் நர்ஸ் கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்த முகமாக இல்லை. ஒரு கையில் பேனா, ஒரு கையில் நாலைந்து வெள்ளைத் தாள். நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு, "பரவாயில்லைங்க, நிக்கறேன்," என்றாள்.

"அரைமணி நேரம் நிறுத்தி வச்சாங்க. அப்புறம் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து, சட்டம் போட்டு மாட்டியிருக்கற தாளைக் காட்டி, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னார். மறுபடி ஓட்டினாங்க. நாங்க கெளம்பும்போதும் ஓடிட்டுத்தான் இருந்துது." தாள்களை மேசையில் வைத்தாள். "ராட்டினத்துக்கெல்லாம் உரிமம் குடுக்கற ஆபீஸ் எங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் இருக்கு. காலையில நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். நீங்க எழுதுங்க. யாரோ போன்ல சொன்னாங்கன்னா எவனும் கேக்க மாட்டான். தைச்சவங்க எழுதினா கேட்டுத்தான் ஆகணும்."

"வேலை போயிடும்," என்றான் கணவன், மெதுவாக.

நர்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

பெட்டியக்கா எழுத உட்கார்ந்தாள். அறுபது தொண்ணூறானதை எழுதினாள். மேஸ்திரி சொன்னதை, சொன்னபடியே எழுதினாள். சோதனைக்காரரின் முதுகுவலியை எழுதினாள். ஏரிப் பூங்காவின் படகில் விரல் கண்டதையும் விடவில்லை. முக்கால் பக்கம் பேனா தடையில்லாமல் ஓடியது. எழுதியது எல்லாமே உண்மை, எல்லாமே அநியாயம், எதிலும் பொய் இல்லை. படித்துப் பார்த்தாள். படிக்கிற எவனும் மேஸ்திரியைத்தான் திட்டுவான். அவளைப் பார்த்துப் பாவம் என்பான்.

அதற்குக் கீழே எழுத வேண்டிய ஒரு வரி பாக்கி இருந்தது. சின்னவள் வந்து அவள் தோளில் சாய்ந்து, தாளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் சுவரோரம் நின்றபடியே இருந்தாள்.

"மேலே வைக்கும் பட்டையை மட்டும் நன்றாகத் தைத்துச் சோதனையை ஏமாற்றலாம் என்று கண்டுபிடித்து, மற்ற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான்," என்று எழுதினாள். மகள் பக்கத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக, அவள் எழுத எழுத உரக்கப் படித்தாள்.