கொம்பு வைத்தவனின் இடம்

எங்கள் பி.காம். வகுப்பு குரூப் போட்டோவின் மூன்றாம் வரிசையில் ஒருவன், பக்கத்தில் நிற்பவன் தலைக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டிக் கொம்பு வைத்திருப்பான். பிரிண்ட் கைக்கு வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. கொம்பு முளைத்தவன் பிறகு துறைமுகத்தில் எழுத்தரானான். படத்தைச் சட்டம் போட்டு ராயபுரம் வீட்டுக் கூடத்தில் மாட்டினான். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கொம்பைத்தான் பார்த்தார்கள்.

"காலேஜ்ல எட்த்தது ஒரே போட்டோ. அதுலயும் என்னிய மாடாக்கிட்டான், பேமானி" என்று வருடக்கணக்கில் திட்டினான்.

கொம்பு வைத்தவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் கணக்குப் பார்த்தான். போன மழைக்காலத்தில் மாரடைப்பு. அவனுக்கு முன்பே எங்கள் வகுப்பில் மூன்று பேர் போயிருந்தார்கள்.

பொங்கல் கழிந்து ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் கூடினோம். மௌனம், மெழுகுவத்தி எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. எழுத்தர் மட்டும் ஒன்று கேட்டான்: பழைய படத்தில் நின்றபடியே நிற்போம், போனவர்கள் இடத்தைக் காலியாக விடுவோம். நாளிதழில் படங்களுக்குக் கீழே 'இடமிருந்து வலம்' எழுதியே ஓய்வு பெற்றவன் என்பதால், ஆட்களை நிறுத்தும் வேலை என்னிடம் வந்தது.

மண்டபத்துப் படிகளில் நிறுத்தியதும் சிக்கல் தெரிந்தது. அன்று எல்லோரும் ஒல்லி. இன்று அரிசி மண்டிக்காரன் ஒருவனே இரண்டு பேர் இடத்தை அடைத்தான். நான்கு இடைவெளிகளும் தாமாகவே மூடிக்கொண்டன.

"இன்னா மாமு, அவன் எடத்துல நின்னுகினு கீறே?" என்றான் எழுத்தர்.

"நான் எங்கடா வந்தேன்? ஒடம்பு வந்துருச்சு" என்றான் மண்டிக்காரன்.

"ஒரு படி எறங்கு."

"எறங்குனா அங்கயும் செத்தவன் எடம். அவன் கோச்சுக்குவான்."

எழுத்தர் முழங்கையால் இடித்து இடித்து ஒரு சாண் இடம் பிடித்தான். போட்டோ எடுக்க வந்த இளைஞருக்கு அடுத்து டோல்கேட் பக்கம் ஒரு வீட்டில் வளைகாப்பு. அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"சார், மூணாவது லைன்ல கேப் கீது. பல்லு வுயுந்தா மாரி தெரியுது. ஒட்டி நில்லுங்க."

"அங்க ஆள் கீறான். நீ எடு நைனா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மண்டிக்காரன்தான் விளக்கினான். "செத்துட்டாம்பா. நாலு பேரு இல்ல. அவுங்களுக்கு வுட்ட எடம்."

இளைஞர் கொஞ்ச நேரம் எங்களை அளந்தார்.

"அப்ப இந்த எடம் பத்தாது சார். எல்லாரும் மூச்ச இஸ்துப் புடிங்க. வயித்த உள்ள தள்ளி, கொஞ்சம் சைடு வாங்குங்க. நான் சொல்ற வரிக்கும் வுடாதீங்க."

இழுத்துப் பிடித்தோம். தோள்கள் ஒருக்களித்தன. நான்கு இடங்களும் திறந்தன, ஒல்லியான ஒருவன் நிற்கிற அளவுக்கு. மண்டிக்காரன் முகம் மிளகாய்ப் பழமாகிக்கொண்டிருந்தது.

"வுடுங்க!"

இருமலும் சிரிப்புமாகப் படியிறங்கி கேமராவைச் சூழ்ந்தோம். அவரவர் முகத்தைத்தான் தேடினோம். எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் தலைக்கு மேலே பார்த்தான்.

"இன்னும் பெர்சு பண்ணு" என்றான்.

இளைஞர் பெரிதாக்கினார். தலை, கொஞ்சம் நரை, பின்னால் மஞ்சள் சுவர்.

"நல்லா வந்துகீது மாமு" என்றான் மண்டிக்காரன். "பெரிய பிரிண்ட்டா போட்டுக் கூடத்துல மாட்டு."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினான்.

"கூடத்துல அந்த மாடே இருக்கட்டும்."