ஆயிரத்தெட்டு முறை பாதியாகக் கூப்பிட்டேன்

ஏழு கோடு. சீன மொழியில் 'நான்' என்று எழுத ஏழே ஏழு கோடு போட்டால் போதும். பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு, கார்த்திகை மாதம், வெளியே அடைமழை. அடிப்படைச் சீனத் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். மேலே சாய்வாக ஒரு சின்னக் கோடு போட்டேன். அடுத்த கோடு வரவில்லை, கை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. ஒரு பருவம் முழுக்கப் படித்துவிட்டு வந்த எனக்கு 'நான்' என்றுகூட எழுத வரவில்லை. விடைத்தாளில் கண்ணீர் சொட்டியது.

அம்மனை நம்பி வாழ்கிறவர்களே, அந்த அவமானத்திலிருந்து அவள் என்னைத் தூக்கிவிட்ட கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் சென்னைக்கு மேற்கே நூம்பல் ஊர்க்காரர்கள். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அங்கே சீனாவிலிருந்து புது மெஷின் வந்தது. பட்டன்களில் எல்லாம் சீன எழுத்து.

"கலரப் பாத்து அமுக்கிகினு கீறோம்மா. எழுத்து இன்னா சொல்லுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பட்டனை மாற்றி அமுக்கியதில் அவரோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு விரல் நசுங்கிப்போனது. அன்றைக்கு அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்த எழுத்துகளை நான் படித்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பல்கலைக்கழகத்தில் மொழிப் பாடமாகச் சீனத்தை எடுத்தேன். அப்பா குமணன்சாவடி டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டார், "எம் பொண்ணு சைனீஸ் படிக்குது" என்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் என் நோட்டுதான் முதல் நோட்டு. கட்டம் போட்ட நோட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். என் பக்கங்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆசிரியை அதை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். தேர்வு முடிந்த மறுவாரம் அதே ஆசிரியை என் நோட்டையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த நோட்ட நீதான் எழுதினியா? உண்மையச் சொல்லு."

"நான்தான் மேடம்."

அவர் நம்பவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "தை மாசம் மறுதேர்வு. அதுலயும் இப்படின்னா அடுத்த வருஷம் இந்தப் பாடத்துல உனக்கு இடம் கிடையாது" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நன்றாக எழுதினேன் என்று பொய் சொன்னேன். அவர் சந்தோஷமாகப் போய் பஜ்ஜி வாங்கிவந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேண்டுதல் என்றால் ஆயிரத்தெட்டு முறை 'ஓம் சக்தி' எழுதி அந்த நோட்டைத் தெருக்கோடி அம்மன் கோயிலில் சேர்ப்போம். எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. மார்கழியில் எழுத ஆரம்பித்தேன். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி பாடும், அம்மா வாசலில் கோலம் போடுவாள், நான் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதித் தள்ளுவேன். அந்தக் குளிரும் அந்தப் பாட்டுச் சத்தமும் இப்போதும் மனதுக்குள் இருக்கின்றன. தாயே, எப்படியாவது என்னைத் தேற வைத்துவிடு என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை.

ஒரு வெள்ளிக்கிழமை நோட்டைக் கொண்டுபோனேன். வாங்கி வைக்கிறவர் ஏழுமலை அண்ணன். வாரம் முழுக்க வேன் ஓட்டுவார், வெள்ளிக்கிழமை மட்டும் கோயில் வேலை. நோட்டைப் புரட்டினவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஓம் எல்லாம் புளூவுல கீது, சக்தி எல்லாம் கறுப்புல கீது?"

"பேனா தீந்துடுச்சுண்ணா."

"பேனா தீந்தது கெடக்கட்டும். நீ ஆத்தாவ ஒருவாட்டியாச்சும் முழுசா கூப்ட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு சன்னதி முன்னால் போய் நின்றேன். நான் செய்தது ஒன்றும் பெரிய குற்றமில்லை. சீக்கிரம் முடிக்க நாங்கள் எல்லோருமே அப்படித்தான் எழுதுவோம். முதலில் நோட்டு முழுக்க மேலிருந்து கீழே 'ஓம்' மட்டும். அது முடிந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து, பக்கத்தில் 'சக்தி' மட்டும். பள்ளிக்கூடத்து இம்போசிஷனும் அப்படித்தான்.

கற்பூரம் காட்டினார்கள். நோட்டு கையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீன நோட்டையும் நான் அப்படித்தானே எழுதினேன்! பக்கம் முழுக்க முதல் கோடு, அப்புறம் பக்கம் முழுக்க இரண்டாவது கோடு. ஏழு சுற்று முடிந்தால் நூறு 'நான்' தயார். ஆனால் ஒரு 'நான்' கூட என் கை முழுதாக எழுதியதில்லை. தேர்வில் முதல் கோட்டைப் போட்ட கை அடுத்த கட்டத்துக்கு இறங்கப் பார்த்தது அதனால்தான். என்னைத் தேற வை என்று அவளிடம் கேட்டேன். அவள் ஏழுமலை அண்ணன் வாயில் வந்து திட்டிவிட்டுப் போனாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இந்த முறை நிம்மதியில்.

மறுநாள் காலை புது நோட்டு. ஒரு 'ஓம் சக்தி', முழுசாக. ஒரு 'நான்', ஏழு கோடும் முடியும் வரை. பிறகு அடுத்தது. முதல் நாள் பதினொன்றுதான் முடிந்தது. ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொய் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"பெயிலானா இன்னாம்மா? கை ரெண்டும் நல்லாத்தானே கீது, எழுது" என்றார்.

தை மாதம் மறுதேர்வு எழுதினேன். தேறினேன். ஆசிரியை விடைத்தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நோட்டுல இருந்ததவிடக் கோணலா இருக்கு. ஆனா இது உன் கைதான்."

அடுத்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் விட்டார்கள். அப்பாவின் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பெரிய சாமந்தி மாலை. சிவப்புப் பட்டனில் பதினோரு கோட்டு எழுத்து ஒன்று. "நிறுத்து" என்று படித்தேன்.

"நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அதத்தான் எழுதிகீறான்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் அப்பா. மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அடுத்த பட்டனைக் காட்டினார். பிறகு அடுத்தது. எல்லாவற்றுக்கும் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

இப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். நான் சீனப் பொறியாளர்கள் வந்து போகும் ஒரு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அந்த இரண்டு நிற நோட்டு இன்னும் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. அம்மனிடம் கொடுக்க மனம் வரவில்லை, கிழித்துப் போடவும் முடியவில்லை.

உங்களுக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும். ஆயிரத்தெட்டை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு முறை அவளை முழுசாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கட்டாயம் வருவாள். வரிசையில் நிற்கும்போது யார் வாயிலாவது வந்து கிண்டல் செய்தால் மட்டும் என்னைப் போல நோட்டைப் பிடுங்காதீர்கள்.