கடைசிக் குழந்தையின் வயது

மலையில் எனக்கு இரண்டு பிள்ளைகள். பையன் ஒன்று, பெண் ஒன்று. கீழே இறங்கி வந்தால் ஒன்றும் இல்லை.

இந்தப் பொய்யை நானாகத்தான் ஆரம்பித்தேன். அப்போது கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். பிரசவம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் என் வேலைதான். ஆனால் வருஷக் கடைசியில் அதிகாரிகள் கேட்பது ஒரே கேள்வி: கருத்தடை ஆபரேஷனுக்கு எத்தனை பேரைக் கூட்டி வந்தாய்? அதற்காக வீடு வீடாக ஏறி, இரண்டு பிள்ளை போதும் என்று பேச வேண்டும். போன புதிதில் நாலு பிள்ளை பெற்ற ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனுக்கு எத்தினி நர்சம்மா?"

இல்லை என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. "ரெண்டு. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. கீழ மாமியார் வூட்ல வளருதுங்க" என்றேன். நாக்கு கூசவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எப்படியும் பிறக்கப்போகிற பிள்ளைகள்தானே, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அவள் நம்பினாள். அந்த வருஷம் ஆபரேஷனுக்கும் வந்தாள்.

என் வீட்டுக்காரருக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஊர். விவசாயக் குடும்பம். அவர் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தார். சனிக்கிழமை நான் மலையிலிருந்து இறங்குவேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவேன். மற்ற நாட்களில் குவார்ட்டர்ஸில் நானும் ஒரு பம்ப் ஸ்டவ்வும்தான்.

முதல் தடவை நடந்தது மணலூர்பேட்டையில், ஒரு கல்யாணப் பந்தியில். இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது அடிவயிற்றில் வலப்பக்கம் கிழிக்கிற மாதிரி வலி. நாள் தள்ளிப் போயிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வாய்வு என்று சொல்லி ஆளாளுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். நர்ஸுக்குப் படித்த நானும் அதை வாங்கிக் குடித்தேன், அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கரு கருப்பைக்கு வந்து சேராமல் வழியில் குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. வலது குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று இருக்கிறதே என்று எல்லோரும் தேற்றினார்கள். யாரோ செத்த மாதிரி அழ எனக்கு உரிமை இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எதுவும் பிறக்கவில்லை, எதுவும் சாகவில்லை, வயிற்று ஆபரேஷன், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை, இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த வாரத்தில். ரோட்டோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. நான் மலையிலேயே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை இடது தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோள்பட்டையில் வலி எடுக்கும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். இந்தத் தடவை ஓமத் தண்ணீர் குடிக்கவில்லை. வாசலுக்கு வந்து கத்தினேன்.

கம்பளியைக் கம்பில் கட்டி டோலியாக்கி நாலு பேர் என்னை அடிவாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. மரம் கிடந்த இடத்திலெல்லாம் வண்டி கரும்புக் கொல்லைக்குள் இறங்கி ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய் வந்தது. ஒரு இடத்தில் சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீ? யாரு வூடு?"

வீட்டுக்காரரின் ஊரையும் மாமனார் பெயரையும் சொன்னேன்.

"நம்ம ஆளுதான்டா, தூக்குங்க!"

பத்துப் பேர் கைகொடுத்து வண்டியையே தூக்கிவிட்டார்கள். வேறு பெயர் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பார்களா? தூக்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படுத்துக்கொண்டே அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது இன்றும் எனக்கு ஆறவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், முதல் தடவை ஆபரேஷன் செய்த அதே டாக்டரம்மா. ஊசி வைத்து இழுத்தார், கறுத்த ரத்தம் வந்தது. "குழாய் இன்னும் முழுசா வெடிக்கல. முடிஞ்சா காப்பாத்தித் தர்றேன். ஆனா அதுலயே மறுபடி தங்கலாம், உயிருக்கே ஆபத்து. வேணாம், கட்டிடுங்கன்னு சொன்னா வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். அவர் எங்க?"

"மரம் வெட்டிக்கினு இருக்காரு" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் என் இடது குழாய் பிழைத்தது.

ரோடு திறந்த பிறகுதான் அவர் வந்தார். கட்டிலருகில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் கொப்புளங்கள். கோடாலி பிடித்துப் பழக்கமில்லாத கை, பில் எழுதுகிற கை.

"உனுக்கு இப்பிடின்னு எனுக்கு எப்பிடித் தெரியும், சொல்லு" என்றார்.

"எத்தினி மரம்?"

"அத்த வுடு. நமக்காகவா செஞ்சோம்? நாளைக்கு நம்ம புள்ளைங்க படிச்சு வேலைக்குப் போவ வேணாமா?"

"எந்தப் புள்ளைங்க?" என்று கேட்டேன்.

 அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தே கோபப்பட்டேன். வேறு யார்மேல் கோபப்படுவது?

லீவு முடிந்து மலைக்குப் போனபோது டோலி தூக்கியவர்களில் ஒருவரின் மனைவி ஒரு படி சாமை கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு எத்தனை பிள்ளை என்று முதலில் கேட்டவள் இவள்தான். "நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப புள்ளைங்கள யாரு பாத்துக்கினாங்க? அம்மா எங்கன்னு அழுதிருக்குமே" என்றாள். மாமியார் பார்த்துக்கொண்டார் என்றேன். சாமையை உள்ளே வைக்கப்போகிற சாக்கில் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அந்த இரண்டுக்காக என்னிடம் துக்கம் விசாரித்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான், அதுவும் தெரியாமல்.

பிறகு ஒன்றரை வருஷம். மாமியார் இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்றார். மெட்ராஸில் குழாயே இல்லாமல் குழந்தை உண்டாக்குகிறார்களாம் என்று வீட்டுக்காரர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். எனக்கும் குழந்தை வேண்டும். வேண்டாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் பயம். அவருக்கும் பயம், பாயைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வேலை இருக்கிறது என்று சொல்லி நான் இறங்குவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் ஒன்பது நாள் தள்ளிப் போனது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, துணிப்பையோடு கள்ளக்குறிச்சிக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வலி வந்தால் ரோட்டைத் தாண்டினால் போதும். நாள் முழுக்கத் தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மாதவிலக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கக்கூசில் நின்று சத்தமாகச் சிரித்தேன். குழந்தை இல்லை என்று தெரிந்து அப்படிச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே வெறுப்பாக இருந்தது. இதற்கு மேல் என்னால் ஆகாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரிடம் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். வீட்டில் சொன்னால் மாமியார் காதில் விழும். லாரி இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. 

"உன் இஷ்டம்" என்றார்.

எதுவும் எழுதாத கருத்தடை விண்ணப்பத்தை நீட்டினேன். தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போனார். அந்த இரண்டு வார்த்தையில் அன்பும் இருந்திருக்கலாம். எனக்கு நடுரோட்டில் இறக்கிவிட்ட மாதிரிதான் இருந்தது.

மாசி மாதம் எங்கள் வட்டாரத்தில் ஒரு இடத்தில் ஆபரேஷன் கேம்ப். நான் ஐந்து பெண்களைக் கூட்டி வந்திருந்தேன். ஆறாவது நான். என் விண்ணப்பம் பையிலேயே மழையில் ஊறிப்போனதால், வீட்டுக்காரர் இன்னொன்றில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அழைத்திருந்தேன். வந்திருந்தார், வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். மேற்பார்வை பார்க்கிற மூத்த நர்ஸ் அக்கா மேசைமேல் கட்டி வைத்திருந்த விண்ணப்பங்களில் ஒன்றை உருவி என்னிடம் தந்தார்.

உயிருடன் உள்ள குழந்தைகள்: ஆண் 1, பெண் 1.

எழுதியிருந்தது என் கைதான். கேம்புக்கு முதல் நாளே நாங்கள் கட்டுக் கட்டாகப் பாதி நிரப்பி வைத்துவிடுவோம். இரண்டுக்குக் குறைந்தவர்கள் வரப்போவதில்லை, அதிகம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். வேலை மிச்சம். அந்தக் கட்டு முழுவதையும் நிரப்பியவள் நான்தான்.

"அக்கா, இது..." என்றேன்.

அக்காவுக்கு என் கதை எல்லாம் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "அத்த அப்பிடியே வுடு. ரெண்டு இல்லாட்டி உன்ன மேசையில ஏத்தவே மாட்டாங்க. கீழ கடைசிக் கொழந்தையோட வயசு காலியா இருக்குது பாரு, எதனா போடு."

எதையாவது போட்டிருக்கலாம். மலையில் சொல்லி வைத்திருந்த வயது ஒன்று தயாராகவே இருந்தது. ஆனால் பேனாவை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். மறியல் நடந்த மாதத்திலிருந்து. வைகாசியில் பிறந்திருக்கும். வைகாசி, ஆனி, ஆடி... அதுவரை ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒன்பது மாதம் என்று எழுதினேன்.

வெளியே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். இந்தத் தடவை படித்துப் பார்த்தார். விரல் அந்த வரியில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், போட்ட பிறகும் காகிதத்தை உடனே விடவில்லை.

உள்ளே டாக்டர் விண்ணப்பத்தை வாங்கி மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். "ஒன்பது மாசம்தானா? இன்னும் பால் குடிக்குதா?"

"நிறுத்திட்டேன் சார்" என்றேன்.