கொள்ளிடக்கரையில் மருந்துப் பெட்டிக்கு இடம் தேடிப் போனது

ஆவணிக் கடைசியில் கொள்ளிடக்கரைக்குப் போய்வந்தேன். என் தங்கை மரகதம் அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியில் டாக்டர். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசும் கூட்டத்துக்கு இந்த வருஷம்தான் முதல்முறையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். லீவில் ஊருக்கு வந்திருந்தவளோடு நான் துணைக்கு. வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு.

அரியலூரில் ரயிலைவிட்டு இறங்கிக் காலை பஸ்ஸைப் பிடித்தோம். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். திருமானூர் பதினைந்து மைல், டிக்கெட் ஏழணா. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது இலவசம். "பொம்பளைங்க உக்காருங்கம்மா, பெட்டிய மட்டும் எறக்குங்க" என்றார் டிரைவர். மருந்துப் பெட்டியை இறக்க மாட்டேன் என்று மரகதம் சண்டை பிடித்து ஜெயித்தாள். அங்கிருந்து மேற்கே மூன்று மைல் மாட்டுவண்டி, எட்டணா.

சாவடியில் கூட்டம். மணியக்காரர் படகு, மணல் மூட்டை, அரிசி எல்லாம் யோசித்து வைத்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடு. டாக்டரும் மருந்தும் கோயில் மண்டபத்தில். ஊரிலேயே அதுதான் மேடு.

"கீழத்தெரு செல்லாயிக்கு ஐப்பசில பிரசவம். தண்ணி மொதல்ல வர்றது அவ வூட்டுக்குத்தான். அவளக் கோயிலுக்குள்ள விடுவீங்களா?" என்று கேட்டாள் மரகதம்.

கீழத்தெருக்காரர்களுக்குக் கோயில் வாசலோடு சரி. சாவடிக்கு வெளியே நின்றிருந்த செல்லாயியின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு வேற எடம் பாத்துக்கலாங்க" என்றார் மணியக்காரர்.

"சரிங்க. ஒங்க பொண்ணும் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அவளுக்கும் ஐப்பசிதான். கோயில்ல வச்சுப் பாத்துரலாமா?"

"ஐயையோ, தீட்டாச்சே!"

"அப்ப நானும் மருந்தும் அங்க உக்காந்து யாருக்குங்க வைத்தியம் பாக்குறது?"

மணியக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தன் களத்துமேட்டுக் கொட்டகையைத் தருவதாகச் சொன்னார். கோயிலுக்கு அடுத்த மேடு அது.

"வரேன். ஆனா நான் ஒருத்திதான். ரெண்டு எடத்துல நிக்க முடியாது. செல்லாயியும் அங்கதான் வருவா."

"நடுவுல ஒரு தட்டி கட்டிக்கலாமா?" என்றார் மணியக்காரர். "கட்டிக்குங்க" என்றாள் மரகதம். நானாக இருந்தால் தட்டிக்கும் சேர்த்துச் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கு எதில் பிடிவாதம் பிடிப்பது என்று தெரிந்திருக்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் மழைக்கு முன்னால் வாருங்கள். திருமானூரிலேயே திரும்பிவரவும் வண்டி பேசிவிடுங்கள். வெள்ளத்துக்கு ஏற்பாடு செய்கிற ஊராக இருந்தால், படகுக்காரரைக் கூப்பிடும் அன்றே டாக்டரையும் கூப்பிடுங்கள். எந்தெந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கீழத்தெரு இடுப்பளவு முழுகியது. களத்துமேட்டில் முதல் அழுகை கேட்டதும் தன் பேரப்பிள்ளைதான் என்று மணியக்காரர் கொட்டுகிற மழையில் ஓடிவந்தாராம். பிறந்தது செல்லாயியின் குழந்தை. தெரிந்த பிறகும் அவர் உடனே நகரவில்லையாம். "தாயி நல்லாருக்காளா?" என்று வெளியே நின்று கேட்டாராம்.