ஊறுகாய் பாட்டிலில் ஒரு வருஷப் பாலிசி

இன்சூரன்ஸ் பாலிசி என்பது குடை மாதிரி, யார் கையில் இருக்கிறதோ அவர் நனைய மாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நாற்பது வயது. பத்தாவது பாஸ். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்ட அறிவாளி நம்பியது இது. எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் நடந்த விஷயம். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு பாதியும் கோபம் ஒன்றரை மடங்குமாக வருகிறது.

அந்த வருஷம் வெயில் காலத்தில் டவுனிலிருந்து ஒரு ஏஜெண்ட் பஸ்ஸில் வந்து இறங்கினார். படகில் போகும்போது விபத்து நடந்தால் பணம் கொடுக்கும் பயண இன்சூரன்ஸ் அவரிடம் இருந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று, ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும். கரையை விட்டுக் கிளம்பி மறுபடி கரை ஏறும்வரை செல்லும். இன்னொன்று வருஷம் முழுக்க. எத்தனை தடவை போனாலும் வந்தாலும் செல்லும். ஒற்றைப் பயணச் சீட்டு மலிவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் அவருடைய ஆபீஸுக்குப் போய், தேதி போட்டு முத்திரை குத்தி வாங்க வேண்டுமாம். ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். நாங்கள் ஏரியில் இறங்குவது கோழி கூவுவதற்கு முன்.

"அப்போ மீனையும் பத்து மணிக்கு மேல வரச் சொல்லிடுங்க சார்" என்றான் என் மச்சான். என் மனைவியின் தம்பி அவன். ஏஜெண்ட் சிரிக்கவில்லை.

சரி, வருஷப் பாலிசி என்றால் எவ்வளவு என்று கேட்டோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எல்லோரும் ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். எங்கள் கணக்கே வேறு. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்கள் கொஞ்சம்தான். அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்த இடங்களில் முறை வைத்து வலை கட்டுகிறோம். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் குழுவில் எட்டு வீடு, ஒரு பாடு. அதாவது எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் ஒருவருக்கு முறை வரும். மற்ற நாளில் வலைக்குக் கிழிசல் தைப்போம், கூலி வேலைக்குப் போவோம், வம்பு பேசுவோம். கடைசியாகச் சொன்னதில் நான் கெட்டிக்காரன். எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரில் இறங்குபவன் எதற்காக வருஷம் முழுவதற்கும் பணம் கட்ட வேண்டும்?

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. எட்டு வீடும் சேர்ந்து ஒரே ஒரு வருஷப் பாலிசி எடுப்போம். யாருடைய பாடு நாளோ அவர் அதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றேன். பாட்டை மாற்றிக்கொள்கிறோம், பாலிசியை மாற்றிக்கொள்ளக்கூடாதா? எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு மயங்கி, கையெழுத்து ஒழுங்காகப் போடத் தெரிந்தவன் என்ற முறையில் என் பேரையே எழுதச் சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றும் மறைக்கவில்லை. ஏஜெண்ட் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இறால் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எட்டுப் பேரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போகலாமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் விரலைச் சப்பிக்கொண்டே, "தாராளமா. நனையாம மட்டும் பாத்துக்குங்க" என்றார். இன்னொரு தட்டு இறாலும் வாங்கிக்கொண்டார்.

நனையக் கூடாது என்பதால் பாலிசியைச் சுருட்டி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினோம். பாடு நாளுக்கு முந்தின சாயங்காலம் பாட்டில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஆயுத பூஜை அன்று யாரோ அதற்குப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

ஒரு தொல்லை எனக்கு மட்டும். படிக்கத் தெரிந்தவன் என்று பாலிசியை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். ஒரு கண் போனால் இவ்வளவு, இரண்டு கண் போனால் இவ்வளவு, ஒரு கை, ஒரு கால், உயிர் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் கிடந்தவன் நான். ஒரு நாளும் பயந்ததில்லை. அந்தப் பட்டியலைப் படித்த பிறகு, படகில் காலை வைக்கும்போதெல்லாம் என் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். பயத்தையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார்கள். அதற்குத் தனியாக ரசீது கொடுக்கவில்லை.

ஐப்பசி மாதம், ஒரு பகல். மணல்திட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டில் பரிசம். நான் மட்டும் ஒரு வாடகைப் படகில் ஏறிக் கிளம்பினேன். பாதி ஏரி தாண்டியதும் வாடைக்காற்று எழும்பியது. படகு லேசாகச் சாய்ந்து, என் வெள்ளை வேட்டி மேல் இரண்டு கை தண்ணீர் தெறித்தது. அவ்வளவுதான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, அன்றைக்கு மச்சானுடைய பாடு. பாட்டில் அவனிடம் இருந்தது. தூரத்தில் அவன் வலை கட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. படகை அந்தப் பக்கம் திருப்பு, பாட்டிலை வாங்கிக்கொண்டு அப்புறம் போகலாம் என்று கத்தினேன்.

படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, கையெழுத்து போட்டுட்டுதான் சாவியா?"

அவர் திருப்பவில்லை என்றதும் நானே எழுந்து நின்று, துண்டை வீசி, "பாட்டில், பாட்டில்" என்று அலறினேன். ஆடாத படகும் ஆடும் விதமாக ஆடினேன். பாய்க் கயிற்றைப் பிடிக்கப் போய், பிடி தவறி, தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு, மனைவி மக்களுக்கு மனதுக்குள் ஒரு மனுவே எழுதி முடித்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் ஏரியில் ஒருபோதும் காலைத் தூக்கி வைத்து நடக்க மாட்டார்கள். சேற்றில் திருக்கை மீன் படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும். அதனால் காலைத் தரையோடு இழுத்து இழுத்துத்தான் நடப்போம், மீன் விலகிப் போகட்டும் என்று. மச்சானுக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் அன்று அவன் ஓடி வந்தான். நான் முழுகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒரு கையில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடி வந்தான்.

"எந்திரிச்சு நில்லு நைனா" என்று மேலிருந்து படகுக்காரர் சொல்வது கேட்டது. நின்றேன். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது.

"இந்தா மாமா, உன் பாட்டிலு" என்று மச்சான் என் கையில் திணித்தான். சொல்லிவிட்டு அப்படியே முகம் வெளுத்துத் தண்ணீரில் உட்கார்ந்தான். இடது குதிகாலில் முள் ஆழமாக இறங்கியிருந்தது.

புண் சீழ் பிடித்தது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார்கள். அவனுக்கு மூன்று பிள்ளைகள், ஒன்று கைக்குழந்தை. அவன் இறங்கினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். நான் பாட்டிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, தைரியமாக இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். இதற்காகத்தானே எடுத்தோம்?

அங்கே இருந்தவர் பாட்டிலைத் திறந்தார். எலுமிச்சை ஊறுகாய் வாசனை மேஜை முழுக்கப் பரவியது. மூக்கைப் பொத்திக்கொண்டே படித்துவிட்டு, பாலிசியில் இருப்பது என் பேர், அடிபட்டது வேறு ஆள் என்றார். அடிபட்டபோது பாலிசி அவன் கையில்தான் இருந்தது, கண்ணால் பார்த்த சாட்சி நானே என்றேன்.

"கையில இருந்தா போதும்னா, என் பீரோவுல நூறு கட்டு கெடக்குது. நான் சாகவே மாட்டனே" என்றார் அவர். அப்புறம் கொஞ்சம் இரக்கத்தோடு, "உங்களுக்கு எதுனா அடி பட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உச்சுக் கொட்டினார். நான் ஒரு காலை உடைத்துக்கொள்ளாமல் வந்து அவருடைய வேலையைக் கெடுத்த மாதிரி.

அதே ஆபீஸில் மூலையில் நம் ஏஜெண்ட் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேராகப் போய், மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் பேப்பரை மடித்து வைத்து, நிதானமாக என்னைக் கேட்டார்:

"நனையாம பாத்துக்குங்கன்னேன். நனைஞ்சுதா?"

நனையவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. அந்த மனிதர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எட்டுப் பேருக்கும் தனித்தனியாக வருஷப் பாலிசி எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, புது விண்ணப்பப் பாரம் எட்டை அங்கேயே எண்ணி நீட்டினார். நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஊறுகாய் பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த எண்ணெய் எட்டுப் பாரத்துக்கும் போதுமானதாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்த ஏரி முழுக்க இன்சூரன்ஸ் இருந்த ஒரே ஆள் நான். பாட்டில் எங்கே இருந்தாலும் எனக்குத்தான். இல்லை என்று நினைத்த ஒன்றுக்காக நான் அலறினேன். அது என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவனிடம்தான் ஒன்றும் இல்லை. ஏஜெண்டைத் திட்டிய வாயால் என்னையும் திட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அடிபட்ட எட்டாம் நாள் மச்சானுடைய பாடு. அவன் பேருக்கு நான் போய் வலை கட்டலாம் என்று விடியலுக்கு முன் கரைக்குப் போனேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஏற்கெனவே படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவனுக்காக இறங்குவது என் முறை, அடுத்த எட்டுக்கு நீ இறங்கு என்றார். யாரும் கூட்டம் போடவில்லை. பாரம் நிரப்பவில்லை. அன்று பிடித்த மடவையும் இறாலும் அப்படியே கூடையோடு அவன் வீட்டு வாசலுக்குப் போயின.

மாசியில் அவன் ஏரிக்குத் திரும்பினான். இரண்டு விரலோடு போனது, கால் மிஞ்சியது. இப்போது தரையிலும் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். ஐப்பசிக்கும் மாசிக்கும் நடுவில் அவனுடைய பாடு பதினைந்து தடவை வந்தது. பதினைந்து தடவையும் மீன் அவன் வீட்டுக்குத்தான் போனது; வலை இழுத்தவர் பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.