கறுப்பு டிரில் கான்ட்ராக்டருக்கு மட்டும்

கூலிம் தொழிற்சாலையில் பதினோரு வருடம் ஸ்குரூ முடுக்கிய பிறகுதான் எனக்கு மின்கருவி விற்கிற வேலை கிடைத்தது. நேர்முகத்தில் ஒரு டிரில்லைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் போன ஆண்கள் எல்லாரும் அதைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்து விர் விர் என்று ஓட்டிக் காட்டினார்களாம். நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், பிறகு பிட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கெடா முழுக்க ஹார்ட்வேர் கடை வாசல்களில் நின்று, பலகையில் ஓட்டை போட்டுக் காட்டுவது என் பிழைப்பு.

கம்பெனியைப் பொறுத்தவரை உலகத்தில் மூன்றே வகை மனிதர்கள். யான் ஊர்ப் பக்கத்து வயல்காரர்களுக்குப் பச்சை நிறப் புல்வெட்டி. வீட்டுக்காரர்களுக்கு வெள்ளை டிரில். கான்ட்ராக்டர்களுக்குக் கறுப்பு டிரில். பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். வெள்ளைக்கு, இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் அப்பா சுவரில் ஓட்டை போட, மகள் கைதட்டுகிறாள். கறுப்புக்கு, தாடியும் வேர்வையுமாக ஒருவர், பின்னால் பாதி கட்டிய கட்டடம். உள்ளே வித்தியாசம் என்னவென்றால், வெள்ளையில் பிளாஸ்டிக் பல்சக்கரம், கறுப்பில் இரும்பு. கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மார்க்கெட்டிங் மேனேஜர், ஆளைப் பார்த்து நிறத்தைக் காட்டுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தமிழர்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர். கடைவாசலில் நின்று பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான்.

கடைவாசலில் நடந்தது வேறு கதை. அலோர் ஸ்டாரில் பென்ஷன் வாங்கும் அரசாங்க அதிகாரி ஒருவர் கறுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாட்டப்போவது ஒரு லட்சுமி படம்தானே என்று மனைவி சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லூனாஸில் கிரில் வேலை பார்க்கும் கான்ட்ராக்டரோ எப்போதும் வெள்ளையைத்தான் வாங்குவார். எரிந்துபோனால் தூக்கிப் போட்டுவிடலாம், கறுப்பை வாங்கினால் மச்சான் இரவல் கேட்பான் என்பது அவர் கணக்கு. இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னேன். இவர்கள் விதிவிலக்கு என்றார். எனக்கு வாய்த்த வாடிக்கையாளர் அத்தனை பேரும் விதிவிலக்காகவே இருந்தார்கள், நான் என்ன செய்ய?

இவ்வளவு வாய் பேசுகிற நானே ஒருநாள் ஆளைப் பார்த்து நிறத்தைக் காட்டினேன். அதுதான் வினை.

லூனாஸ் கடைக்கு ஓர் அக்கா வந்தார். கைலியும் டீசட்டையும், வலது மணிக்கட்டில் கட்டு. சமையல் வேலைக்கு ஒரு டிரில் வேண்டும் என்றார். சமையலுக்கு டிரில் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டியதுதானே. நான் கேட்கவில்லை. "வீட்டுக்குத்தானேக்கா, இது போதும்லா" என்று வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் அதே டிரில்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மோட்டார் கருகிய நாற்றமும் ஓம வாசனையும் சேர்ந்து அடித்தன. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அக்கா முறுக்குச் சுட்டு விற்கிறவர். கூலிம் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் தீபாவளி டின் எல்லாம் அவர் கையால்தான். பிழிந்து பிழிந்து மணிக்கட்டு போய் ஆபரேஷன் வரைக்கும் ஆகிவிட்டது, இனி பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா சும்மா இருக்கவில்லை. வெல்டிங் கடையில் சொல்லி, முறுக்கு அச்சின் திருகுக்கு மேல் ஒரு போல்ட்டைப் பற்றவைத்து, அச்சு நிற்க ஒரு ஸ்டாண்டும் செய்து, டிரில்லால் பிழிய ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். பிளாஸ்டிக் பல்சக்கரம் பாவம், எவ்வளவு நாள்தான் தாங்கும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். வெள்ளை வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு ஓட்டினால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். அக்காவின் டின் இந்த முறை போகாவிட்டால் அடுத்த வருடம் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் தீபாவளி இல்லை. அக்கா சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், எனக்கு அது வரும். அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ போதும்னு சொன்னே. நான் நம்பினது உன்னை, கம்பெனிய இல்ல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அவமானத்தில்தான் குறுக்குப் புத்தி வேலை செய்தது. கான்ட்ராக்டர்களுக்குக் கறுப்பு டிரில்லை முப்பது நாள் இலவசமாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் திட்டம் ஒன்று கம்பெனியில் இருந்தது. அதற்கான விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்தேன். தொழில்: கான்ட்ராக்டர். வேலையின் தன்மை: அழுத்திப் பிழிதல். பணியிடச் சூழல்: அதிக வெப்பம், கொதிக்கும் எண்ணெய். ஆட்கள்: மூவர். வேலை நேரம்: முழு நாள். சத்தியமாக அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆர்டர் எடுத்துச் செய்கிறவர் கான்ட்ராக்டர் இல்லாமல் வேறு யார்? மறுநாளே கறுப்பு டிரில் லூனாஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் அந்தப் பாரத்தைப் படித்துவிட்டுப் பூரித்துப் போனார். எண்ணெய், வெப்பம், அழுத்தம். நாங்கள் நுழையவே முடியாத ஏதோ ஆலைக்குள் நான் நுழைந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார் மனிதர். நேரில் வந்து வீடியோ எடுக்கிறேன் என்று வாட்ஸ்அப் அனுப்பினார். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும், வாங்க என்றேன்.

தாமான் குடியிருப்பில் அக்கா வீட்டு வாசலில் மேனேஜர் காடியை நிறுத்தி, கார்க் கதவைத் திறந்து இறங்கினார். தலையில் பாதுகாப்புத் தொப்பி, காலில் இரும்பு முனை பூட்ஸ், மேலே பளபளக்கும் மஞ்சள் சட்டை. சைட் எங்கே என்று கேட்டார். இதுதான் என்றேன். அக்கா எட்டிப் பார்த்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். கயிற்றை அவிழ்த்து முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார். அப்படியே அடுப்படிக்குள் வந்து நின்றவரைப் பார்த்து மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, மெசினை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகவேண்டும், தலைமை அலுவலகம் கேட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்றார். நியாயம்தான். நான் அக்காவைப் பார்த்தேன். பாதி டின்கள் இன்னும் காலியாக அடுக்கியிருந்தன.

அக்கா திரும்பாமலே சொன்னார்: "எடுத்துட்டுப் போங்க தம்பி. இந்த மாவ மட்டும் முடிச்சிக்கிறேன், காஞ்சா வீணாயிரும்."

அந்த மாவு முடிய மத்தியானம் ஆனது. மேனேஜர் முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு முறுக்கு தின்றார், பிறகு இன்னொன்று. பிறகு மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்த்தார், கைப்பேசியில் எதையோ குறித்தார். கடைசியில் பூட்ஸை மாட்டிக்கொண்டே என்னிடம், "இவ்வளவு நேரம் நிக்காம ஓட்டுற கான்ட்ராக்டர் என் லிஸ்ட்ல ஒருத்தர்கூட இல்லக்கா" என்றார். கையில் இரண்டு டின் முறுக்கு இருந்தது. டிரில் அக்கா வீட்டிலேயே இருந்தது. அந்தத் தீபாவளிக்கு ஒரு டின்கூடக் குறையவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கம்பெனிக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நான்கு மாதம் கழித்து நான்காவது வகை மனிதர்களைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். இல்லத்தரசிகள். அவர்களுக்கு ரோஜா நிற டிரில். விளம்பரப் படத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், முறுக்கு அச்சைத் தலைகீழாக வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்த யோசனைக்கே காரணமானவர் என்று அக்காவுக்கு முதல் டிரில்லை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதுவரை மேனேஜர் தவணை நீட்டிக்கொடுத்திருந்த கறுப்பைத் திருப்பி வாங்கி வரச் சொன்னார்கள்.

கொண்டுபோய் வைத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள சக்கரம் இரும்பா?"

"பிளாஸ்டிக்குக்கா."

பெட்டிக்குள் வைத்து மூடி என் பக்கம் தள்ளினார். கறுப்புக்கு என்ன விலையோ அதைத் தந்துவிடுகிறேன் என்றார்.

"இது வீட்டுல இருக்கிறவங்களுக்கு. நான் கான்ட்ராக்டர். நீதானே எழுதினே."

எழுந்து போய் அச்சில் மாவை அடைத்து, கறுப்பு டிரில்லை ஓட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் நான் சொன்ன "ஆமாக்கா" அவருக்குக் கேட்டிருக்காது.